பேட்டரி உறையில் போட்டிருப்பது உண்மையா?

(வாங்குவோர் கேள்வி-பதில்: இந்த வாரம் ட்ரோன்)

கேள்வி: ஆன்லைன் கடை ஒன்றில் 3,800 ரூபாய்க்கு ஃப்ளைட் கன்ட்ரோலர் (ட்ரோனை இயக்கும் மூளை போர்டு) வாங்கினேன். வந்த அன்றே உயிரில்லை. “எலக்ட்ரானிக் பாகங்களுக்கு ரிட்டர்ன் கிடையாது, பில்லிலேயே போட்டிருக்கிறோம்” என்கிறார்கள். விட்டுவிட வேண்டியதுதானா?
– மாணவர், திருநெல்வேலி

பதில்: விடாதீர்கள். உங்கள் பக்கம்தான் நியாயம். பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. கடையின் குறைதீர் அலுவலருக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று அவர் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அசையாவிட்டால் 1915-க்கு (தேசிய நுகர்வோர் உதவி எண்) பேசுங்கள். அப்புறமும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது.

போர்டு வாங்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சால்டரிங் அயர்னைத் தொடுவதற்கு முன் போர்டை யுஎஸ்பி வழியாகக் கணினியில் மாட்டி பீட்டாஃப்ளைட் என்ற அமைப்பு மென்பொருளைத் திறங்கள். கையில் போர்டைச் சாய்த்தால் திரையில் உள்ள ட்ரோன் படமும் சாய வேண்டும். பார்சல் பிரிப்பதிலிருந்து இதுவரை ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். ஒருமுறை ஈயம் வைத்துவிட்டால் “நீங்கள்தான் கெடுத்தீர்கள்” என்பார்கள்.

கேள்வி: மச்சான் சிங்கப்பூரிலிருந்து வருகிறார். ஒரு டிஜேஐ ட்ரோன் வாங்கிவரச் சொல்லவா?
– காரைக்குடி

பதில்: வேண்டாம். வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரி 9 முதல் தடை. உதிரி பாகங்களுக்குத்தான் தடை இல்லை.

கேள்வி: “1500 எம்ஏஎச், 4எஸ், 150சி” என்று போட்ட லிப்போ பேட்டரி இரண்டே வாரத்தில் உப்பிவிட்டது. கடைக்காரர் நான் முரட்டுத்தனமாக ஓட்டியதாகச் சொல்கிறார்.
– கோவை

பதில்: 150சி என்று விற்றவருக்கு “முரட்டுத்தனமாக ஓட்டினீர்கள்” என்று சொல்லும் தகுதியே கிடையாது. 1500 எம்ஏஎச் (1.5 ஆம்பியர்-மணி) என்பது கொள்ளளவு, 4எஸ் என்பது நான்கு செல், 150சி என்பது கொள்ளளவைப் போல் 150 மடங்கு மின்சாரம் தரும் என்ற வாக்குறுதி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.5 ஆம்பியர்-மணியை 150-ஆல் பெருக்கினால் 225 ஆம்பியர். அவ்வளவு மின்சாரத்தை உண்மையிலேயே இழுத்தால் முழு பேட்டரியும் 24 விநாடியில் காலி. அந்த பேட்டரியில் மாட்டியிருக்கும் மஞ்சள் எக்ஸ்டி60 கனெக்டர் தாங்குவதே 60 ஆம்பியர்! அந்த எண்ணை எப்படி அளந்தார்கள் என்று நான் பார்த்த எந்த உறையிலும் போட்டதில்லை. 75 என்று போட்டவரின் பக்கத்துக் கடைக்காரர் 100 என்கிறார், அடுத்தவர் 150 என்கிறார். நேர்மையாக 50 என்று போடுகிறவரின் சரக்கு தேங்கிக் கிடக்கிறது. பல வருடமாக இதைப் பார்த்து வயிறு எரிகிறது.

சி மட்டுமல்ல, கொள்ளளவிலும் கைவைக்கிறார்கள். நான் வாங்கிய ஒரு 1500 பேட்டரியை செல்லுக்கு 3.5 வோல்ட் வரை இறக்கிவிட்டு முழுதாக ஏற்றினேன். சார்ஜர் காட்டியது 1,080 எம்ஏஎச். விற்றவர் என் சார்ஜரைக் குறை சொன்னார். பணம் திரும்பவில்லை.

ஆகவே எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள், எடையைக் கேளுங்கள். அதே கொள்ளளவு, அதே செல் எண்ணிக்கை, ஆனால் மற்றவற்றைவிட எடை ரொம்பக் குறைவு என்றால் உள்ளே சரக்கு குறைவு. வாங்கியதும் சார்ஜரில் ஒவ்வொரு செல்லின் இன்டர்னல் ரெசிஸ்டன்ஸையும் (உள் மின்தடை) பாருங்கள். நான்கில் ஒன்றின் எண் மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் அன்றே திருப்பிக் கொடுங்கள். பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். உப்பியதை இனி சார்ஜ் போடவோ குத்தவோ வேண்டாம். படம் எடுத்து, பில்லோடு புகார் கொடுங்கள்.

கேள்வி: தெரிந்தவர் பயன்படுத்திய லிப்போ நான்கை 1,500 ரூபாய்க்குத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: என் மோட்டார் 2450 கேவி. நண்பர் பேச்சைக் கேட்டு 6எஸ் பேட்டரி மாட்டினேன். த்ராட்டில் ஏற்றியதும் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு) புகைந்துவிட்டது. பெட்டியில் 4எஸ் வரை என்று இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். வாரன்டி கிடைக்குமா?
– மதுரை

பதில்: கிடைக்காது, கேட்கவும் வேண்டாம். 4எஸ் முழுதாக ஏறினால் 16.8 வோல்ட், 6எஸ் 25.2. கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு, வோல்ட் ஏறினால் சுற்றும் ஏறும், இழுக்கும் மின்சாரமும் ஏறும். ஐந்து அங்குல ப்ராப்பெல்லரோடு 6எஸ் ஓட்ட 1700 முதல் 1950 வரையிலான மோட்டார் வேண்டும். பெட்டியில் இருந்த ஒரு வரியைப் படித்திருந்தால் இந்தச் செலவு இல்லை. கடைக்காரர் மேல் இதில் ஒரு தப்பும் கிடையாது.

கேள்வி: 250 கிராமுக்குள் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் பறக்கவிடலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். நிஜமா?

பதில்: பொய். அந்த எடைக்கு பைலட் சான்றிதழ் தேவையில்லை, அவ்வளவுதான். அனுமதியில்லாமல் பறக்கக் கூடாத சிவப்பு மண்டலம் எல்லோருக்கும் சிவப்புதான். பச்சை மண்டலத்திலும் 400 அடிதான் உச்சம், விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடி. மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: ப்ராஜெக்டுக்காக எஃப்450 ஃபிரேம், மோட்டார், ஏபிஎம் 2.8, ஜிபிஎஸ் எல்லாம் சேர்ந்த கிட் பார்த்தோம். நான்கு பேர் பணம் போட்டு வாங்கப் போகிறோம். சரியா?
– பொறியியல் மாணவிகள், சேலம்

பதில்: கேட்டுவிட்டு வாங்குகிறீர்களே, சந்தோஷம். ஃபிரேமும் மோட்டாரும் பழகுவதற்கு நல்லவை. ஏபிஎம் 2.8 என்ற ஃப்ளைட் கன்ட்ரோலர் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் ஓடும் ஆர்டுபைலட்டின் காப்டர் மென்பொருள் அந்த போர்டுக்கு 3.2.1 பதிப்போடு நின்றுவிட்டது, அது பத்து வருடத்துக்கும் மேல் பழசு. இதை மாணவர்களிடம் சொல்லாமல் இன்னும் தள்ளிவிடுகிறார்கள். ஏபிஎம்மை எடுத்துவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். ஆர்டுபைலட் இப்போது ஆதரிக்கும் எஃப்405 சிப் உள்ள போர்டு ஒன்றைத் தனியாக வாங்குங்கள். முடியாது என்று கடைக்காரர் சொன்னால் சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ பாகங்களாகவே வாங்கிவிடலாம். ப்ராப்பெல்லர் மட்டும் இரண்டு செட் கூடுதலாக இருக்கட்டும்.