கேள்வி-பதில்: ஏவியேட்டர் வாங்கும் முன்

கேள்வி: அப்பா 1980களில் போட்ட நீர்த்துளி வடிவக் கூலிங் கிளாஸ் இன்றும் கடையில் அப்படியே தொங்குகிறது. ஒரே மாடல் இத்தனை வருடம் எப்படி ஓடுகிறது? (கோவை வாசகர்)

பதில்: ஏவியேட்டர் என்கிற அந்த மாடலின் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வேலை இருந்தது, அதனால்தான். 1930களில் விமானங்கள் மேலே மேலே போகப் போக, அமெரிக்க ராணுவ விமானிகளுக்குக் கண்கூச்சம் பெரும் தொல்லையானது. கனமான பழைய காகிள்ஸுக்குப் பதிலாக, ரோசெஸ்டர் நகரத்து பாஷ் அண்ட் லாம்ப் கம்பெனி பச்சை லென்ஸ் போட்ட கண்ணாடி ஒன்றைச் செய்தது. 1937-ல் அது ரேபான் என்ற பெயரில் பொதுமக்களுக்கும் கிடைத்தது. அடுத்த வருடம் பிளாஸ்டிக் பிரேம் போய் உலோகக் கம்பி வந்தது.

லென்ஸ் கன்னம் வரை இறங்குவதற்கும் காரணம் உண்டு. விமானி தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தி மீட்டர்களைப் பார்ப்பார். அப்போதும் பார்வை லென்ஸுக்குள்ளேயே இருக்க வேண்டும். 1958-ல் அமெரிக்கன் ஆப்டிகல் கம்பெனி ராணுவத்துக்குச் செய்த மாடலில் காதுக்குப் பின்னால் வளையாத நேர்க்கம்பி. ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொருகிக்கொள்ளலாம். நடுவில், 1944-ல், அமெரிக்க ஜெனரல் மெக்கார்தர் பிலிப்பைன்ஸின் லெய்ட்டே கரையில் தண்ணீரில் இறங்கி நடந்து வரும் படம் உலகமெல்லாம் போனது. அவர் கண்ணிலும் கறுப்புக் கண்ணாடி. விமானிகளின் பொருள் ஊருக்கே பிடித்துப்போனதில் அந்த மாதிரிப் படங்களுக்கும் பங்கு உண்டு.

கேள்வி: பிளாட்பாரத்தில் 150 ரூபாய்க்கு வாங்கினேன். நல்ல அடர் கறுப்பு. ஆனால் போட்டால் தலை வலிக்கிறது. (மதுரை வாசகி)

பதில்: உடனே கழற்றிவிடுங்கள். பல வருடமாக எனக்கு ஆறாத கோபம் இந்த "அடர் கறுப்பு" மேல்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

லென்ஸின் கறுப்பு, வெளிச்சத்தைத்தான் குறைக்கிறது. புற ஊதாக் கதிரைத் தடுப்பது வேறு விஷயம். அது லென்ஸ் எதனால் ஆனது, மேலே என்ன பூச்சு என்பதைப் பொறுத்தது. தடுப்பு இல்லாத கறுப்பு லென்ஸை மாட்டினால், இருட்டு என்று நினைத்துக் கண்மணி விரிகிறது. விரிந்த வழியாகக் கதிர் கூடுதலாக உள்ளே போகிறது. வெறுங்கண்ணோடு போவதைவிட மோசமாகவும் ஆகலாம்.

"யூவி 400" என்றால் 400 நானோமீட்டர் வரையுள்ள கதிரைத் தடுக்கும் என்று பொருள். ஆனால் அந்த ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம். நல்ல கண்ணாடிக் கடைகளில் இதைச் சோதிக்கும் சின்ன மீட்டர் இருக்கும். ஒரு நிமிட வேலை, கேளுங்கள்.

தலைவலிக்கு லென்ஸின் வளைவு சரியில்லாதது காரணமாக இருக்கலாம். ராமேஸ்வரம் போகும் வழியில் பஸ் ஸ்டாண்ட் வாசலில் 120 ரூபாய்க்கு நானும் ஒன்று வாங்கி, அன்று முழுக்கக் கண்ணில் நீர் வழியத் திரிந்தேன். அப்புறம் கற்றுக்கொண்டது இது: கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, அதன் வழியாக ஜன்னல் கம்பியைப் பாருங்கள். மெல்ல அசைக்கும்போது கம்பி நெளிந்தால் வாங்காதீர்கள். லென்ஸின் அடர்த்தியை 0 முதல் 4 வரை வகை பிரிப்பார்கள்; எண் கூடக் கூட இருட்டு. வெயிலில் நடக்க மூன்றாம் வகை லென்ஸ் போதும்; 8 முதல் 18 சதவீத வெளிச்சத்தை உள்ளே விடும். நான்காம் வகை போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது.

கேள்வி: ஆன்லைனில் 62 சைஸ் ஆர்டர் செய்தேன். கன்னத்தில் இடிக்கிறது. கம்பெனி மீது புகார் செய்யலாமா? (சேலம் வாசகர்)

பதில்: முடியாது. 55, 58, 62 என்பது ஒரு லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில். ஒரு ஸ்கேல் எடுத்து அளக்க அரை நிமிடம் ஆகாது. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்புங்கள்.

கேள்வி: புத்தம் புதிய ரேபான் என்று ஒருவர் விற்கிறார். பிரேமில் "பி அண்ட் எல், யூஎஸ்ஏ" என்று இருக்கிறது. வாங்கலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: "பி அண்ட் எல்" என்பது பழைய பாஷ் அண்ட் லாம்ப் கம்பெனியின் முத்திரை. அவர்களிடமிருந்து 1999-லேயே இத்தாலியின் லக்ஸோட்டிகா கம்பெனி ரேபானை 64 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. அந்த முத்திரையோடு "புதுசு" என்றால் நம்பாதீர்கள்.

கேள்வி: கண்புரை ஆபரேஷன் முடிந்த அம்மாவுக்கு, போலரைஸ்டு (தண்ணீர், ரோடு போன்றவற்றில் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தைக் குறைக்கும் லென்ஸ்) என்று சொல்லி 2,400 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். சாதாரண லென்ஸ்தான் என்று இன்னொரு கடையில் தெரிந்தது. பில் தரவில்லை. "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று போர்டைக் காட்டுகிறார்கள். (நாகர்கோவில் வாசகி)

பதில்: உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. கண் ஆபரேஷன் ஆன ஒருவருக்குப் பொய் சொல்லி விற்றிருக்கிறார்கள், மனசு கொதிக்கிறது. இதே பொய்யை நம்பி நானும் 1,800 ரூபாய் இழந்தவன்.

அந்த போர்டு உங்களைக் கட்டுப்படுத்தாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. செல்போனில் பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவே சாட்சி; அழித்துவிடாதீர்கள். லேப்டாப் திரைக்கு முன்னால் கண்ணாடியைப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். போலரைஸ்டு என்றால் ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். இருளவில்லை என்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், ஆனால் நீங்கள் இந்த வாரமே கடைக்கு எழுதிவிடுங்கள்.