.357 மேக்னம் தோட்டாவைச் சுடும் லீவர் ரைஃபிளை வைத்திருப்பது எப்படிப்பட்ட அனுபவம்? ரிவால்வருக்குத் துணையாக ஒன்று வாங்கலாமா?

தம்மிடம் .357 மேக்னம் ரிவால்வர் ஒன்று இருப்பதாகவும், அதே தோட்டாவைச் சுடும் லீவர் ரைஃபிளையும் (விசைக்கு அடியிலுள்ள நெம்புகோலைத் தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றும் நீளத் துப்பாக்கி) வாங்கிக்கொண்டால் இரண்டு துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா போதுமே என்றும் கேள்வியாளர் எழுதியிருக்கிறார். நானும் இதே கணக்கோடுதான் ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒஹாயோவில் ஒரு பழைய மார்லின் 1894 வாங்கினேன். மூன்றாம் ஆண்டில் ரிவால்வரை விற்றுவிட்டேன். ரைஃபிள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆகவே வாங்கலாம் என்பதுதான் என் பதில், ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக வேண்டாம்.

அந்தக் காரணம் பொய்யானதல்ல, பழையது. வின்செஸ்டர் 1873 ரைஃபிளும் கோல்ட் ரிவால்வரும் ஒரே .44-40 தோட்டாவை ஏற்ற காலத்தில், கடைக்குப் போய்வர நாட்கணக்கில் குதிரையேற வேண்டியிருந்த ஒருவனுக்கு, இடுப்புப் பட்டையில் ஒரே வகைத் தோட்டாவைச் சுமப்பது உயிர் காக்கும் வசதியாக இருந்திருக்கும். இன்று நாம் சுடுகளத்துக்குக் காரில் போகிறோம். இரண்டு வகைத் தோட்டாப் பெட்டிகளைப் பின்னிருக்கையில் போட்டுக்கொள்வதில் சிரமம் ஒன்றும் இல்லை. மேலும் இந்த ரைஃபிளுக்கு நன்றாகப் பொருந்தும் தோட்டாவும் உங்கள் ரிவால்வர் விரும்பும் தோட்டாவும் பெரும்பாலும் வேறுவேறாகவே அமையும் என்பதைச் சில மாதங்களில் நீங்களே கண்டுகொள்வீர்கள்.

உண்மையான ஆதாயம் குழலின் நீளத்தில் இருக்கிறது. .357 மேக்னம் 1935-இல் ரிவால்வருக்காகவே வெளிவந்த தோட்டா. ஆனால் அதில் அடைக்கப்படும் மெதுவாக எரியும் வெடிமருந்து நான்கு அங்குலக் குழலுக்குள் தன் ஆற்றலை முழுதாகக் குண்டுக்குக் கொடுத்துவிடுவதில்லை, மிச்சம் வாய்முனையில் தீப்பிழம்பாகவும் காதைப் பிளக்கும் ஓசையாகவும் வீணாகிறது. அதே தோட்டாவைப் பதினெட்டரை அங்குலக் குழலில் சுடும்போது அந்த மருந்துக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. 158 கிரெயின், அதாவது ஏறத்தாழ 10 கிராம் எடையுள்ள குண்டு, நான்கு அங்குல ரிவால்வரிலிருந்து நொடிக்கு 1,235 அடி வேகத்தில் புறப்படுமானால், ரைஃபிளிலிருந்து 1,800 அடியை ஒட்டிய வேகத்தில் புறப்படுகிறது. ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்பதால், ஒரே தோட்டா இரு மடங்குக்கும் மேற்பட்ட ஆற்றலைப் பெற்றுவிடுகிறது; 100 கஜம் பறந்த பிறகும் அக்குண்டு ரிவால்வரின் வாய்முனை வேகத்தைவிடக் குறையாமல் போய்க்கொண்டிருக்கும். இவ்வளவுக்கும் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைந்த துப்பாக்கியில் தோளில் விழும் உதை மென்மையானது. அந்த ரிவால்வரைச் சுட்டு மணிக்கட்டு வலித்துத் திரும்பியவர்கள் இந்த ரைஃபிளைச் சுட்டதும் "இது அதே தோட்டாதானா?" என்று கேட்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதைவிட எனக்குப் பிடித்தது, இதே ரைஃபிளில் சுடக்கூடிய .38 ஸ்பெஷல் என்னும் குட்டைத் தோட்டா. .357-இன் கூடு, அதாவது மருந்தையும் குண்டையும் தாங்கும் உறை, .38 ஸ்பெஷலின் கூட்டைச் சுமார் எட்டில் ஒரு அங்குலம் நீட்டிச் செய்யப்பட்டதுதான்; பழைய .38 ரிவால்வர்களில் தவறிப்போய்க்கூட நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி நீட்டினார்கள். ஆகவே .357 துப்பாக்கியில் .38-ஐச் சுடலாம், மறுதலையாகச் சுடக் கூடாது. சாதாரண 158 கிரெயின் .38 தோட்டா இந்த நீளக் குழலிலும் ஒலியின் வேகத்துக்குக் கீழேயே நின்றுவிடுவதால், குண்டு காற்றைக் கிழிக்கும் அந்தச் சாட்டையடி ஓசை இல்லை; அடக்கமான ஒரு தட்டல் மட்டுமே கேட்கும். அதற்காகக் காதுக் கவசத்தைக் கழற்றிவிடாதீர்கள். என் மனைவி துப்பாக்கியைத் தொடவே மாட்டேன் என்றிருந்தவர். 50 கஜத்தில் தொங்கும் இரும்புத் தட்டை.38-ஆல் அடித்து, அது 'டங்' என்று ஒலித்த நாளிலிருந்து, சனிக்கிழமைகளில் எனக்கு முன் அவர்தான் வண்டியில் ஏறி உட்காருகிறார்.

இந்தச் சுகத்தின் விலையை நான் முதல் ஆண்டிலேயே கற்றேன். ஒரு நாள் முழுவதும் இருநூறு .38 தோட்டாக்களைச் சுட்டுவிட்டு, கடைசியில் .357 ஒன்றை ஏற்றினால் லீவர் முழுதாக மூட மறுத்தது. துப்பாக்கியே கெட்டுவிட்டது என்று அஞ்சி அழுத்தி மூடப் பார்த்தேன். பக்கத்து மேசையில் இருந்த முதியவர் ஒருவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார். கூடு குட்டையாக இருப்பதால், அது முடியும் இடத்துக்கு முன்னால் தோட்டா அறைக்குள் கரியும் ஈயமும் வளையமாகப் படிந்துவிடுகின்றன, நீளமான.357 கூடு அந்த வளையத்தில் முட்டி நின்றிருக்கிறது. வெண்கலத் தூரிகையால் அறையை நன்றாகத் தேய்த்ததும் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து .357-ஐ முதலில் சுட்டு முடித்துவிட்டுத்தான் .38-க்குப் போகிறேன்.

லீவரை இயக்குவதிலும் புதியவர்கள் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள்: துப்பாக்கிக்கு வலிக்குமோ என்பதுபோல் மெதுவாக இழுக்கிறார்கள். கீழே தள்ளும் ஒரே அசைவில், தோட்டா அறையை அடைத்து நிற்கும் போல்ட் பின்வாங்கி, வெற்றுக்கூடு வெளியே எறியப்பட்டு, சுத்தி நிமிர வேண்டும். மேலே இழுக்கும்போது, 'தூக்கி' என்ற உறுப்பு உயர்த்தித் தரும் அடுத்த தோட்டா அறைக்குள் போக வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஏதாவது ஒன்று நடுவழியில் சிக்கும். இரு திசையிலும் கடைசிவரை தயங்காமல் தள்ளுங்கள். என்னுடையது 1980-களின் தொடக்கத்தில் வந்தது, குறுக்குப் பொத்தான் பாதுகாப்பு இல்லாதது. சுத்தியைப் பாதி நிலையில் நிறுத்துவதே அதற்குரிய காப்பு. தோட்டா அறையில் இருக்கும்போது கட்டைவிரலால் சுத்தியை இறக்குவதுதான் இவ்வகைத் துப்பாக்கியில் நான் உண்மையாகவே அஞ்சும் செயல். கை குளிரில் விறைத்திருக்கும் காலையில் அதைச் செய்யவே கூடாது என்று வைத்திருக்கிறேன்.

குழாய் மேகசின் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக, ஒன்றின் முனை முன்னதன் அடியில் உள்ள பிரைமரை (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு பகுதி) தொட்டபடி படுத்திருக்கும். உதையின் அதிர்ச்சியில் கூர்முனைக் குண்டு முன்னதைக் குத்தி வெடிக்கவைக்கலாம். அதனால்தான் தட்டை முனைக் குண்டுகளையே பயன்படுத்துகிறோம். ஹார்னடி நிறுவனம் மென்மையான நெகிழி முனையுடன் லீவர் துப்பாக்கிக்கென்றே செய்யும் கூர்முனைத் தோட்டா இதற்கு விதிவிலக்கு.

இனி எல்லைகள். 100 கஜத்துக்குக் குறிவைத்துச் சரிசெய்த .357 ரைஃபிளில், 200 கஜத்தில் குண்டு ஏறத்தாழ ஒன்றரை அடி தாழ்ந்துவிடும். தூரத்தைச் சரியாக மதிப்பிடத் தெரியாதவருக்கு அது தவறிய குறி, வேட்டையில் என்றால் காயம்பட்டு ஓடும் விலங்கு. நான் மானுக்கு வைத்திருக்கும் எல்லை 75 கஜம். .44 மேக்னம் வாங்கினால் 240 கிரெயின் குண்டும் கூடுதல் பலமும் கிடைக்கும், கரடி நடமாடும் காட்டுக்கு அதுவே பொருத்தம். ஆனால் உதையும் தோட்டாச் செலவும் ஏறும், எட்டும் தூரமோ பெரிதாக நீளாது. செலவைப் பற்றிப் பேசினால் .357-உம் மலிவில்லை, 9 மி.மீ. தோட்டாவைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். கழுத்து குறுகாத நேரான கூடு என்பதால் வெற்றுக்கூடுகளைப் பொறுக்கி வீட்டிலேயே மறுபடி அடைப்பது எளிது. நான் இரண்டாம் ஆண்டிலேயே அந்தப் பழக்கத்தில் விழுந்துவிட்டேன்.

ஒஹாயோவில் இதற்கு இன்னொரு மதிப்பும் உண்டு. மக்கள் நெருக்கமும் சமவெளியும் காரணமாக இங்கே மான் வேட்டைக்கு நெடுங்காலம், குண்டு வெகுதூரம் போகாத ஷாட்கன்தான். 2014-இல் நேர்க்கூட்டுத் தோட்டா ரைஃபிள்களை,.357 முதல் .50 வரை, அனுமதித்தார்கள். அதாவது இவ்வகைத் துப்பாக்கியின் குறுகிய எட்டுதான் அதன் தகுதியாயிற்று. வேடிக்கை என்னவென்றால், ஒன்பது தோட்டாக்கள் கொள்ளும் என் ரைஃபிளில், அறையையும் மேகசினையும் சேர்த்து மூன்றுக்கு மேல் அந்த வேட்டையில் வைக்க விதி இடம் தருவதில்லை. எனக்கு மூன்றும் தேவைப்பட்டதில்லை. மாநிலத்தின் தென்கிழக்கு மலைச்சரிவில், நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த வாரத்தில், ஐம்பது கஜத்துக்குள் கிடைத்த ஒரே வாய்ப்பில் ஒரே குண்டு போதுமானதாக இருந்தது.

தமிழ் வாசகர்கள் பலர் எச்-1பி விசாவில் இருப்பீர்கள் என்பதால் ஒரு முக்கியமான செய்தி. குடியேற்றமற்ற விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. ஏதேனும் ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்கான விதிவிலக்குகளுள் ஒன்று. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. இருவருமே உரிமம் பெற்ற கடையில், துப்பாக்கி வாங்குவதற்கான கூட்டாட்சிப் படிவமான 4473-ஐ நிரப்பிப் பின்னணிச் சோதனையைக் கடக்க வேண்டும். நியூ ஜெர்சி, இல்லினாய் போன்ற மாநிலங்களில் அதற்கு முன்பே துப்பாக்கிக்கென்று மாநிலம் தரும் தனி அடையாள அட்டையை வாங்கியாக வேண்டும். கேள்வியாளர் ஏற்கெனவே ரிவால்வர் வைத்திருப்பதால் இதையெல்லாம் அறிந்திருப்பார்; படிக்கும் மற்றவர்கள் நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்ப்பதற்கு முன்பே தங்கள் நிலையை வழக்கறிஞரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எதை வாங்குவது என்றால், பிரேசிலில் செய்யப்படும் ரோசி 92 எடை குறைந்தது, விலையும் குறைவு. பிரௌனிங் வடிவமைத்த 1892 மாதிரியின் வழிவந்ததால் உறுதியானது, ஆனால் கூட்டை மேலே எறிவதால் குறிபார்க்கும் தொலைநோக்கி பொருத்துவது கடினம். மார்லின் பக்கவாட்டில் எறியும், மேல்புறம் மூடியிருக்கும். கண் மங்கத் தொடங்கிய என் வயதில் அது பெரிய வசதி. 2020-இல் ரூகர் நிறுவனம் மார்லினை வாங்கியபின் புதியவையும் மீண்டும் சந்தைக்கு வருகின்றன. ஹென்றியின் பித்தளை உடலுள்ள பிக் பாய் அழகானது, ஆனால் நான்கு கிலோவை ஒட்டிய எடை. காட்டில் அரை நாள் தூக்கி நடந்தபின் அழகு மறந்துபோகும்.

பழையதை வாங்கினால் கடையிலேயே அனுமதி கேட்டு, வெற்றுப் பயிற்சித் தோட்டாக்களால் .38, .357 இரண்டு நீளத்தையும் பத்துப் பத்து முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒரே சமயத்தில் இரண்டு தோட்டாக்கள் குழாயிலிருந்து நழுவி வந்து லீவர் நின்றுவிட்டால் தூக்கி தேய்ந்திருக்கிறது என்று பொருள். விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள்.