காலையில் பிடிக்காத எம்எம் 540

உங்கள் மஹிந்திரா எம்எம் 540 டீசல் ஜீப்புக்காக இன்ஜினுக்கு டீசல் செலுத்தும் பம்பைக் கழற்ற வேண்டாம். ராத்திரி நின்ற வண்டி நெடுநேரம் செல்ஃப் அடித்த பிறகே பிடிக்கிறது, சூடானதும் ஒரே அடியில் பிடிக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் டீசல் லைனில் காற்று இழுக்கிறது என்பதே என் முதல் சந்தேகம்.

பழைய ரப்பர் ஹோஸ், ஃபில்டர் வாஷர், இன்ஜெக்டர் ரிட்டர்ன் குழாய், இவற்றில் ஒன்றாக இருக்கும். கசிவே இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். டேங்கிலிருந்து உறிஞ்சும் பக்கத்தில் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும்.

காலையில் சாவியைத் தொடும் முன், ஹேண்ட் பிரைமரை (டீசலைக் கையால் ஏற்றும் சின்ன பம்ப்) கைக்குக் கெட்டியாகும் வரை அடியுங்கள். உடனே பிடித்தால் சந்தேகம் சரி. அப்புறம் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே டீசல் தாங்கும் ஒளிபுகும் ஹோஸைப் போட்டுப் பார்த்தால் குமிழி ஓடுவது தெரியும்.

பிரைமர் அடித்தும் வெள்ளைப் புகையோடு திணறினால் ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜினுக்குள் சூடேற்றும் நான்கு ஹீட்டர் பிளக்கையும் பாருங்கள். அவையும் நன்றாக இருந்தால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவது) குறைந்திருக்கலாம். அப்படியென்றால் இமாச்சலின் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போகும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

இன்னொன்று: ஸ்பிதி வழியிலுள்ள குன்ஸும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல். அங்கே காற்று மெலிவதால் கரும்புகை வரும். அதைப் பார்த்து டீசல் அளவை மாற்றும் பம்ப் ஸ்க்ரூவை யாரையும் திருகவிடாதீர்கள்.