ராபின்ஸ் செயினுக்கு அப்புறம் ஸ்டார்: ஏன் முட்டிக்கிறாங்க?

கேள்வி: மேடம், அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல காண்ட்ரா டான்ஸ் (ஜோடி ஜோடியா நீள வரிசையில ஆடற நாட்டுப்புற நடனம்) ஆடிட்டிருக்கேன், இப்ப காலிங்கும் (அடுத்த ஃபிகர், அதாவது அடுத்த அசைவு, என்னன்னு ஆடறவங்களுக்குச் சொல்றது) கத்துக்கறேன். நானே ஒண்ணு எழுதினேன். பாட்டோட நாலு பகுதிக்கும் இப்படி. ஏ1: நெய்பரோட (எதிர் ஜோடியில இருக்கறவர்) பேலன்ஸ், சுவிங் (ரெண்டு பேரும் பிடிச்சுக்கிட்டு சுத்தறது). ஏ2: சர்க்கிள் லெஃப்ட் முக்கால் சுத்து, பார்ட்னரோட டோ-சி-டோ (முதுகோட முதுகா ஒருத்தரை ஒருத்தர் சுத்தி வர்றது). பி1: பார்ட்னரோட பேலன்ஸ், சுவிங். பி2: ராபின்ஸ் செயின் (ஜோடியில வலது பக்கம் நிக்கற ராபின்கள் கை கொடுத்து எதிர்ப்பக்கம் போறது; இடது பக்கம் நிக்கறவர் லார்க்), ரைட் ஹேண்ட் ஸ்டார் (நாலு பேரும் வலது கையை நடுவுல சேத்து சுத்தறது), அப்படியே அடுத்த நெய்பர். மொத்தம் 64 பீட், டேபிள்ல நாலு காசு வச்சு நகர்த்தியும் பாத்துட்டேன், சரியா வருது. ஆனா ஆடும்போது பி2ல எல்லாரும் தடுமாறுறாங்க. எங்க தப்பு? இதை மத்த காலர்களுக்கு எப்படி அனுப்பறது?

பதில்: கணக்குல தப்பே இல்லங்க, சிக்கல் கையில. காசு யார் எங்க நிக்கிறாங்கன்னுதான் காட்டும், எந்தக் கை காலியா இருக்கு, உடம்பு எந்தப் பக்கம் திரும்பிட்டிருக்குன்னு காட்டாது.

செயினோட கடைசி நாலு பீட்டைப் பாருங்க. ராபின் வலது கை கொடுத்து எதிர்ப்பக்கம் வந்தாச்சு, லார்க் தன்னோட இடது கையால அவங்க இடது கையைப் பிடிச்சு, வலது கையை அவங்க முதுகுக்குப் பின்னால வச்சு கர்டசி டர்ன் பண்றாங்க, ஜோடியே கடிகாரத்துக்கு எதிரா சுத்துது. இந்த நேரத்துல நீங்க ரைட் ஹேண்ட் ஸ்டார்னா லார்க் முதுகுக்குப் பின்னால இருக்கற கையை உருவி நடுவுல நீட்டணும், அது போக ஸ்டார் கடிகார திசையில போகுது, அதாவது ரெண்டு பேரும் பிரேக் போட்டுட்டு ரிவர்ஸ் எடுக்கணும். எட்டு பீட்ல ரெண்டு பீட் அங்கயே காலி. லெஃப்ட் ஹேண்ட் ஸ்டார்னு மாத்துங்க, இடது கை ஏற்கனவே முன்னாடி இருக்கு, திசையும் அதே திசை, டர்னைக் கொஞ்சம் முன்னாடியே விட்டா தானா ஸ்டாருக்குள்ள போயிடுவாங்க.

ஆனா ஒரு சின்ன தமாஷ் இருக்கு. அப்படி மாத்தினா உங்க டான்ஸ் அச்சு அசல் டேவிட் கேனர் எழுதின 'பேபி ரோஸ்' ஆயிடும்! 2021ல காலமான அவரும் உங்க மாசசூசெட்ஸ்காரர்தான், ஃபிடிலும் வாசிச்சார், காலிங்கும் பண்ணினார். இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, இருக்கற ஃபிகர் கொஞ்சம், நல்லா ஓடற வரிசை அதுலயும் கொஞ்சம், ரெண்டு பேருக்கு ஒண்ணே தோணறது சகஜம். அதனால அனுப்பறதுக்கு முன்னாடி 'காலர்ஸ் பாக்ஸ்'ங்கற ஆன்லைன் டான்ஸ் தொகுப்புல ஃபிகர் வச்சுத் தேடுங்க. ஏற்கனவே இருந்தா அந்தப் பேரையும் எழுதினவர் பேரையும் போட்டே கால் பண்ணுங்க. ஒரு ஃபிகர் மட்டும் மாத்தியிருந்தா எதோட மாறுதல்னு எழுதிடுங்க, அதை மறைச்சு புதுப் பேர் வைக்கறது எனக்குப் பிடிக்காது.

டான்ஸை எழுதி அனுப்பற கார்டுல வெறும் 'ஸ்டார்'னு எழுதினா யாருக்கும் உபயோகமில்ல. எந்தக் கை, எவ்வளவு சுத்து, யாரோட, ஜோடிகள் ஆரம்பத்துல நிக்கற விதம் இம்ப்ராப்பரா பெக்கெட்டா, எத்தனை பீட், இதெல்லாம் இருக்கணும். சர்க்கிள் லெஃப்ட்டும் சுவிங்கும் ஒரே கடிகார திசை, அதான் அடுத்தடுத்து வந்தா சுகமா இருக்கும். சுவிங்குக்கு முன்னாடி சர்க்கிள் ரைட் வச்சுப் பாருங்க, காலே கேக்கும். வீட்ல நாலு பேரைக் கூப்பிட்டு ஒரு தடவை லார்க்கா, ஒரு தடவை ராபினா நீங்களே ஆடிடுங்க, ஏன்னா லார்க்குக்கு வழுக்கிட்டுப் போறது ராபினுக்கு முட்டலாம்.

கால் பண்றப்ப 'லெஃப்ட் ஹேண்ட் ஸ்டார்'ங்கறது செயினோட எட்டாவது பீட்டுக்குள்ள முடிஞ்சிருக்கணும், நான் ஆறுலயே ஆரம்பிச்சிடுவேன், லேட்டா சொன்னா டர்னை முழுசா சுத்தி உள்ள பாத்து நின்னுடுவாங்க. முதல்ல யாருன்னு சொல்லுங்க, அப்புறம் என்னன்னு: 'ராபின்ஸ், செயின்'. ரெண்டு மூணு ரவுண்டு போனதும் 'செயின்... ஸ்டார்' போதும், அதுக்கப்புறம் வாயை மூடிட்டு பாட்டைக் கேக்க விடுங்க, ஆனா வரிசையோட ரெண்டு முனையிலயும் ஒரு கண்ணு வைங்க, அங்க ஒரு ரவுண்டு வெளிய நிக்கற ஜோடி பக்கம் மாறி நிக்க மறந்துட்டா அடுத்த சுவிங்ல ஆள் மாறிடும்.