தேடத் தெரியும் என்ற நம்பிக்கையும் தேடும் திறனும் ஒன்றா?

கோவை, ஈரோட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் "எங்களுக்குத் தேடத் தெரியும்" என்று உறுதியாகச் சொல்லியும் ப்ராஜெக்ட் அறிக்கையில் சான்றுகள் ஏன் தேறுவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூகுள் எதைக் கேட்டாலும் ஏதாவது காட்டிவிடும். விடை வந்ததையே திறமை என்று மனசு எடுத்துக்கொள்கிறது. திறன் குறைந்தவர்கள் தங்களைக் கூடுதலாக மதிப்பிடுவதை டன்னிங், க்ரூகர் என்ற உளவியலாளர்கள் 1999-லேயே காட்டினார்கள். அதனால் "தேடத் தெரியுமா" என்று கேட்கும் கேள்வித்தாள் போதாது, ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள்.

நொய்யல் ஆற்றில் கலக்கும் திருப்பூர்ச் சாயக்கழிவையே எடுத்துக்கொள்வோம். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் ஆற்றின் பெயரோடு ஊர்ப்பெயரும் வேண்டும். திருப்பூரை ஆங்கிலத்தில் நடுவில் ஒரு 'பி' (p) போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு போட்டும் எழுதுகிறார்கள். இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'ஆர்' (OR, அதாவது 'அல்லது') போட்டு இணைக்காவிட்டால் பல கட்டுரைகள் தப்பிவிடும். இதை யோசிக்கிற மாணவருக்குத்தான் உண்மையில் தேடத் தெரியும்.

அடுத்து, வெளியான ஆண்டை விட நீர் மாதிரி எடுத்த ஆண்டு முக்கியம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்கு முந்தைய அளவீட்டை இன்றைய நிலையாக எழுதினால் முடிவே தப்பு.

ஏஐ கொடுக்கும் மேற்கோள்களில் இல்லாத கட்டுரைகளும் இருக்கும். ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய அடையாள எண்ணான டிஓஐ-யைத் (DOI) திறந்து, தலைப்பும் ஆசிரியரும் பொருந்துகிறதா பாருங்கள். ஆய்வேடு என்றால், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையத் தொகுப்பான சோத்கங்காவில் (Shodhganga) தேடுங்கள், இலவசம்தான்.