கிராமப்புறச் சிறப்புப் பயிற்றுநர்களுக்குச் சம்பளம் ஏன் குறைவு?

தமிழ்நாட்டில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்க வட்டார வள மையத்திலிருந்து (வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் அலுவலகம்) ஊர் ஊராகப் போகும் சிறப்புப் பயிற்றுநர்கள் பெரும்பாலும் வாங்குவது தொகுப்பூதியம். அதாவது, மாதம் ஒரே மொத்தத் தொகை. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி என்று தனியாக எதுவும் சேராது.

இலைச் சாப்பாட்டில் கேட்கக் கேட்கப் பரிமாறுவார்கள்; பொட்டலத்தில் கட்டியது மட்டும்தான். நிரந்தர ஆசிரியர் சம்பளம் இலை, தொகுப்பூதியம் பொட்டலம். விலைவாசி ஏறினாலும் அது தானாக ஏறாது.

காரணம், இவர்கள் அரசின் நிரந்தரப் பணியிடத்தில் இல்லை. ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 விழுக்காடு நிதி தரும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் வருகிறார்கள். அதன் பட்ஜெட் ஆண்டுக்கு ஆண்டு ஒப்புதல் பெற வேண்டும். நிதி தாமதமானால் சம்பளமும் தாமதமாகும். கிராமத்தில் இது இன்னும் வலிக்கும். ஒருவரே பல பள்ளிகளுக்குப் போகணும், பள்ளிக்கு வர முடியாத குழந்தையின் வீட்டுக்கும் போகணும், பஸ்ஸோ எப்போதாவதுதான் வரும்.

தொடக்க வகுப்புகளில் மாற்றுத்திறன் குழந்தைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று, உச்ச நீதிமன்றத்தின் 2021 தீர்ப்பைத் தொடர்ந்து ஒன்றிய அரசு 2022-இல் அறிவித்தது. அதற்கான நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கும்படி 2025-இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவும் போட்டது. என் பார்வையில் தீர்வு அங்கேதான் இருக்கிறது.

அப்புறம், தகுதி குறைவு என்பதால்தான் சம்பளம் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, சிறப்புக் கல்வியில் தனிப் பயிற்சி முடித்து இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர்கள்தான் இந்தப் பணிக்குத் தகுதியானவர்கள்.