கேளுங்கள், சொல்கிறேன்: பட்டாணி சூப்பும் தேநீர்க் கெண்டியும்

கேள்வி: ஹேக்கர் என்றாலே பாஸ்வேர்டு திருடுகிற ஆள். அவர்களுக்கு நகைச்சுவை வேறா?

பதில்: நீங்கள் சொல்லும் ஆட்களுக்கு அந்தப் பெயர் பிற்பாடுதான் ஒட்டியது. 1960, 70களில் எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக்கூடங்களில் ராத்திரி பகல் பார்க்காமல் கணினியே கதி என்று கிடந்தவர்கள்தான் முதல் ஹேக்கர்கள். அவர்களுடைய பேச்சுவழக்கைத் தொகுத்து 1975இல் ரஃபேல் ஃபிங்கல் தொடங்கிய 'ஜார்கன் ஃபைல்' அகராதியைப் புரட்டினால், வேலை எங்கே முடிகிறது, அரட்டை எங்கே தொடங்குகிறது என்றே பிரித்துச் சொல்ல முடியாது.

கேள்வி: அதில் உங்களுக்கு மிகப் பிடித்த சிலேடை?

பதில்: பட்டாணி சூப். யோசிக்கவே வேண்டியதில்லை. லிஸ்ப் என்ற கணினி மொழியில் 'ஆமாமா, இல்லையா' என்று சோதிக்கிற கட்டளையின் பெயர் பெரும்பாலும் 'பி' என்ற எழுத்தில் முடியும். நாம் 'ஆ' சேர்க்கிறோமே, அதுபோல: மழை என்றால் செய்தி, மழையா என்றால் கேள்வி. இது பேச்சிலும் தொற்றிக்கொள்ள, சாப்பிடப் போகலாமா என்பதற்கு 'ஃபுட்-பி?' என்பார்கள், 'டி' என்று பதில் வந்தால் சரி, 'நில்' என்றால் இல்லை. ஒருமுறை சாப்பிடப் போன இடத்தில், ஒரு பெரிய கிண்ண சூப்பைத் தன்னோடு யாராவது பங்கு போட்டுக்கொள்வார்களா என்று பில் காஸ்பர் என்ற ஹேக்கருக்குத் தெரியவேண்டியிருந்தது. 'ஸ்ப்ளிட்-பி சூப்?' என்றார். ஆங்கிலத்தில் 'ஸ்ப்ளிட்' என்றால் பிரிப்பது, 'பி' என்று கேட்பது பட்டாணிக்கும் பெயர். ஆக, பங்கிடலாமா என்ற கேள்வியும் அதுதான், உடைத்த பட்டாணி சூப்பின் பெயரும் அதுதான். விளக்கினால் சிலேடை செத்துவிடும் என்பார்கள், எனக்கு இது இன்னும் சாகவில்லை.

கேள்வி: குனு என்று ஒரு மென்பொருள் திட்டம் இருக்கிறதே, அந்தப் பெயரின் விரிவு என்ன?

பதில்: 'குனு'ஸ் நாட் யூனிக்ஸ்', அதாவது குனு யூனிக்ஸ் அல்ல (யூனிக்ஸ் என்பது அதற்கு முன்பே இருந்த ஓர் இயங்குதளம்). அந்த விரிவுக்குள்ளே இருக்கும் குனு என்ன என்று கேட்டால் மறுபடி அதே பதில். கேட்டுக்கொண்டே இருக்கலாம், முடியாது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வைத்த பெயர், ஆனால் விளையாட்டு அதற்கும் மூத்தது. எமாக்ஸ் என்ற, உரையை எழுதித் திருத்த உதவும் எடிட்டரைப் பின்பற்றி வந்த ஒன்றுக்கு 'ஐனே' என்று பெயர்: 'ஐனே எமாக்ஸ் அல்ல'. அதற்கு அடுத்து வந்தது 'ஸ்வை': 'ஸ்வை முதலில் ஐனேவாக இருந்தது'. ஜெர்மன் மொழியில் ஐனே ஒன்று, ஸ்வை இரண்டு!

கேள்வி: இதெல்லாம் பெயரோடு சரியா? விளையாட்டு வினையானது உண்டா?

பதில்: உண்டு. இணைய விதிகளை வகுக்கும் ஆர்.எஃப்.சி. ஆவணங்களில் ஏப்ரல் 1 அன்று கேலி ஆவணமும் வரும். 1990இல் வந்தது, புறாவின் காலில் தகவலைக் கட்டி அனுப்பும் முறை. எழுதியவர் டேவிட் வைட்ஸ்மன். 2001இல் நார்வேயின் பெர்கன் நகரில் சிலர் அதை நிஜமாகவே செய்து பார்த்தார்கள்: 9 பாக்கெட் (தகவல் பொட்டலம்) போனது, 4க்குப் பதில் வந்தது, அதில் சீக்கிரம் வந்ததற்கே 53 நிமிடம் ஆனது.

இன்னொரு ஏப்ரல் 1 கேலி, 1998இல் லாரி மாசிண்டர் எழுதியது: காபி போடும் இயந்திரத்தை வலை வழியே இயக்கும் விதி. அந்தக் கட்டளை தேநீர்க் கெண்டிக்குப் போனால், அது 418 என்ற பிழை எண்ணோடு 'நான் தேநீர்க் கெண்டி' என்று சொல்ல வேண்டுமாம். ஆளாளுக்கு இதைத் தங்கள் மென்பொருளில் விளையாட்டாகச் சேர்த்துவைக்க, 2022இல் வந்த, கேலியில்லாத நிஜ எச்.டி.டி.பி. விதி (வலைப்பக்கங்களைக் கேட்டுப் பெறும் முறைக்கானது), இந்த எண்ணை இப்போதைக்கு வேறெதற்கும் பயன்படுத்த முடியாது என்று சொல்லி ஒதுக்கி வைத்துவிட்டது. 417க்கும் 421க்கும் நடுவில் கெண்டி உட்கார்ந்திருக்கிறது.